சிரட்டைக்கரி பூசிய நான்கு டைல்ஸ்

பதினெட்டு வருடம் வளைகுடாவில் நகைக்கடைகளுக்கு விளக்கு மாட்டியவன் நான். எந்த மூலையில் எந்த பல்பைப் போட்டால் வளையல் மின்னும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் திமிரோடுதான் கருங்கல் என்ற எங்கள் ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் மகளுக்குத் துப்பாக்கி சுடும் அறை கட்டினேன். பள்ளியில் ஏர் ரைபிள் பழகியவள். மாநில அணித் தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. அதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு இல்லை.

பத்து மீட்டர் நீள அறை. கடைசிச் சுவரில் இலக்கு அட்டை, அதற்கு மேலே நாலு பெரிய எல்.இ.டி. விளக்குகள். தரை முழுக்க வெள்ளை டைல்ஸ், குனிந்தால் முகம் தெரியும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாரமே மகள் சொன்னாள்.

“அப்பா, தரையில இருந்து வெளிச்சம் திருப்பி அடிக்கு. குறி பாக்க முடியல்ல, கண்ணு கூசுது.”

“பதினெட்டு வருசம் வெளிச்சத்துலயே கெடந்தவன்ட்ட சொல்லுதியா? போகப் போகப் பழகும் மக்களே.”

இன்னும் இரண்டு தடவை சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் மாடி ஏறிப் பார்த்தால், தரையின் நடுவே நாலு டைல்ஸ் கன்னங்கரேலென்று இருந்தன. தேங்காய்ச் சிரட்டையை எரித்துக் கரியாக்கி உரசித் தேய்த்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“ஏட்டி, இது தரையா, அடுப்படியா?”

வாளியில் சோப்புத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, துடைக்கச் சொன்னேன். அவள் மண்டியிட்டுத் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகு வெளிச்சத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன், மடையன்.

தேர்வில் சில புள்ளிகளில் தோற்றுப்போனாள். அங்கிருந்த பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்தார். விசையை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கண்ணைச் சுருக்குகிறாளே, எப்படிப்பட்ட வெளிச்சத்தில் பழகினாள் என்று கேட்டார். “பகல் மாதிரி வெளிச்சம் சார்” என்றேன் பெருமையாக. திரும்பும் வழியில் வடசேரியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, கவனம் போதாது என்று அவளைத் திட்டவும் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடுத்த வருடம் நர்சிங் படிக்க வெளியூர் போய்விட்டாள்.

போன மழைக்காலத்தில், அந்த அறையை டியூஷன் நடத்த வாடகைக்குக் கேட்டார்கள். விளக்குகளைக் கழற்றப் போனேன். அவள் நின்று சுடும் இடத்தில் பாதம் வைக்க ஒட்டிய டேப் இன்னும் அப்படியே இருந்தது. என்ன தோன்றியதோ, கீழே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து அதே இடத்தில் நின்றேன். அத்தனை நாளும் அவளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, அங்கே ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டுவிட்டுக் குறித்துளையில் கண்ணை வைத்தேன். அட்டையின் கறுப்பு வட்டம் வெளிறிக் கலங்கியது. கண்ணில் நீர் கட்டியது. தலையை எடுத்துக் கீழே பார்த்தேன். நாலே நாலு டைல்ஸ்தான் அந்த வெளிச்சத்தை என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன. நான் துடைக்கச் சொன்ன அதே நாலு.

அடுப்படியில் சிரட்டையை எரித்து, கரியை மேலே கொண்டுபோய், மண்டியிட்டுத் தேய்த்தேன். மறுபடி நின்று பார்த்தபோது வட்டம் தெளிவாகத் தெரிந்தது. கையோடு மகளுக்குப் போன் போட்டேன்.

“மக்களே, அந்த நாலு டைல்ஸ்... நீ சொன்னதுதான் சரி. இப்போதான் கரி தேச்சேன்.”

“இனி எதுக்குப்பா அது?” என்றாள். பிறகு, “கைய ரெண்டு மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவுங்கோ. அந்தக் கரி நகத்துல இருந்து லேசுல போவாது.”