எரிந்த கடிதத்தின் நகல்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் குடிக்கிறவன் அல்ல. பேய்க்குப் பயந்தவனும் அல்ல. அதாவது, 1826 மார்ச் வரை.

என் பெயர் லெமுவேல். மாசசூசெட்ஸில் செனட்டர் கோல்கிரேவிடம் எழுத்தராக இருந்தேன். அவர் கடிதம் எழுதுவார். மை காய்வதற்குள் மெல்லிய ஈரத்தாளை அதன்மேல் வைத்து, இரும்பு அழுத்தியில் இறுகத் திருகி நான் நகல் எடுப்பேன். அவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று அவர் மகன் ஹொரேஸும் நானும் கடிதப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அடியில் ஒன்று, அனுப்பப்படாமலே கிடந்தது. அச்சுக்காரர் ஜோதம் பெல்லின் விதவை கெசையாவுக்கு எழுதியது.

'அரசைத் திட்டி உங்கள் பத்திரிகையில் வந்த மொட்டைக் கடிதங்களை எழுதியவன் நான். உன் கணவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சிறையிலேயே செத்தான்.'

அந்த அம்மாளை ஊர் இன்னமும் துரோகியின் பெண்டாட்டி என்றுதான் ஏசுகிறது.

"இதை அவங்ககிட்ட கொடுத்துடலாம் சார்."

"தேர்தல்ல நிக்கிறது நீயா, நானா? பெரிய தர்மப்பிரபு!"

ஹொரேஸ் பிடுங்கி அடுப்பில் போட்டார். சாம்பலாகும்வரை கிளறினார். குதிரையேறிப் போய்விட்டார்.

மாலை நாலரை மணி. வெளியே பனி. வீட்டில் நான் மட்டும்.

கிரீச்...

அழுத்தியின் திருகு. மூன்று வாரமாக யாரும் தொடாதது.

கிரீச்... கிரீச்...

கைப்பிடி தானாகச் சுற்றி நின்றது.

திறந்தேன்.

ஒரு தாள். ஈரம்.

அதே கடிதம்... அதே கையெழுத்து.

என் விரலில் மை ஒட்டியது.

இரவெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் அந்தத் தாளோடு கெசையா வீட்டுக் கதவைத் தட்டினேன். பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நகலா தம்பி? அசல் நேத்து சாயங்காலமே வந்துடுச்சே."

"யாரும்மா கொண்டுவந்தா?"

"தெரியல. கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. திரும்பிப் பாக்கறேன், மேசை மேல இருக்கு." மேசையிலிருந்து அதை எடுத்தார். "இருபத்தேழு வருஷம் தம்பி... இனி எவன் என்னை ஏசுவான்?"

நீட்டினார். என் கண்ணெதிரே சாம்பலான கடிதம். ஓரம்கூடக் கருகவில்லை. 1799 என்று தேதி.

அடியில் ஒரு வரி. என் நகலில் அது இல்லை.

'நகலை லெமுவேல் கொண்டு வருவான்.'

நான் பிறந்தது 1803-இல்.