அம்மா கேட்ட நஞ்சுக்கொடி

போன மாதம் பிரசவ வார்டுக்குள் ஒரு புது மண்சட்டி வந்தது. கொண்டுவந்தது என் அம்மா.

முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மா பேத்தியின் நெற்றியை முகர்ந்து பார்த்தாள். மருமகளிடம், "சாப்பிட்டியா?" என்றாள். அப்புறம் சட்டியை என் பக்கம் நீட்டினாள்.

"நஞ்சுக்கொடி எங்கடி? கேட்டு வாங்கிக் குடு. பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் பின்னால பொதைக்கணும்."

"அது எங்க லேப்ல இருக்கும்மா."

"உன் லேப்லயா? ஊரு ரத்தமெல்லாம் பாத்தது பத்தாதுன்னு வூட்டு ரத்தமும் வேணுமாடி உனக்கு?"

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து, "ரிசல்ட் எப்ப மீனா வரும்?" என்றாள்.

அந்தக் கையில் வட்ட வட்டமாய்ச் சில தழும்புகள். கதையே அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்… நான் தருமபுரியில் ஒரு லேப் டெக்னீஷியன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வெள்ளைக் கோட்டோடு பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது இன்றைக்கும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன் – நாலு பேர் பார்க்கட்டுமே!

எங்கள் வீடு நல்லம்பள்ளிப் பக்கம்; வேலைக்காக நான் தருமபுரியில் தங்கியிருக்கிறேன், லீவு கிடைத்தால் பஸ் ஏறுவேன். அண்ணி ஏழு மாதமாக இருந்தபோது, அண்ணனின் மூத்த மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மைதான்; ஆனால் அதற்கு எங்கள் பக்கம் நோய் என்று பேர் கிடையாது. ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு இல்லை. வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டாள் வெளியே போகக் கூடாது.

அம்மா எனக்கு போன் போட்டாள். "ஆத்தா வந்திருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் இந்தப் பக்கம் வராத."

"அண்ணியைத் தள்ளி இருக்கச் சொல்லும்மா!"

"அவ தள்ளித்தான் இருக்கா. நீ போன வைய்யி."

ஒரே ஒரு அறை இருக்கிற வீட்டில் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க முடியும்? அண்ணிக்கும் வந்துவிட்டது. என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு நர்ஸம்மா செக்கப்புக்கு வந்தார்.

"நடுவுல காய்ச்சல், நோய்நொடி ஏதாச்சும் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள் அம்மா.

என் அம்மா பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். வீட்டுக்கு வந்த சாமியை எந்த வாயால் நோய் என்பாள்?

எனக்குத் தெரியவந்தது வளைகாப்பு அன்றைக்கு. கண்ணாடி வளையலை அண்ணி கையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முழங்கைக்குக் கீழே தழும்புகள்.

"அண்ணி… இது எப்ப?"

"ஆத்தா எனக்கும் வந்துட்டுப் போனா மீனா" என்றாள், ஏதோ சொந்தக்காரர் வந்துபோன மாதிரி.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் பொறுமையாக ஸ்கேன் பார்த்தார். குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்றார். "கொப்புளம் கிளம்பின உடனே ஒரு போன் பண்ணியிருந்தா மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்மா. பரவால்ல, இனி கவனமா பாத்துக்கலாம். பொறந்ததும் நஞ்சுக்கொடிய டெஸ்டுக்கு அனுப்புவோம்."

அதற்குப் பின் வந்த வாரங்களில் நான் பகலிலேயே கனவு கண்டுகொண்டிருந்தேன். பஸ் ஜன்னலில் தலை சாய்த்தால் போதும், சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் நஞ்சுக்கொடியாகிவிடும்.

சும்மா சொல்லவில்லை. அது ஒரு மரம்தான். தொப்புள்கொடி அடிமரம், அங்கிருந்து ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து, கிளையில் கிளை பிரிந்து, கடைசியில் நூலாகி அம்மாவின் ரத்தத்தில் நனைந்தபடி நிற்கும். அம்மாவின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலப்பதில்லை, தெரியுமா? நடுவில் ஒரு மெல்லிய சுவர். சாப்பாடு அதைத் தாண்டிப் போகும், மூச்சு தாண்டிப் போகும். வைரஸ் வந்தால் பெரும்பாலும் அந்தச் சுவரே தடுத்து நிறுத்திவிடும். சில சமயம் வைரஸ் சுவரிலேயே தங்கிச் சண்டை போடும். சுவர் புண்ணாகித் தழும்பு விழும், குழந்தைக்குப் போகிற சாப்பாடு குறையும். அபூர்வமாகத் தாண்டியும் விடும்… கண்ணை, மூளையைத் தொடும்.

அண்ணி வயிற்றுக்குள் அந்த மரம் இப்போது எப்படி நிற்கிறது? பூத்து நிற்கிறதா, பட்டுப்போய் நிற்கிறதா? கண்டக்டர் "நல்லம்பள்ளி இறங்குறவங்க" என்று இரண்டு தரம் கத்துவார். நான் கிளைகளுக்கு நடுவில் இருப்பேன்.

நஞ்சுக்கொடித் துண்டின் ஸ்லைடு தயாரான அன்று எங்கள் லேப் டாக்டர் மேடம் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பிவிட்டார். எத்தனையோ பேருடையதைப் பார்த்த கண்தான். அன்றைக்கு ஏனோ முதலில் எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டித் தீவுகள். ஒரு மூலையில் மட்டும் நீலப் புள்ளிகள் கூட்டம் கூடியிருந்தன.

"அதான் சண்டை நடந்த எடம்" என்றார் மேடம்.

"தாண்டிடுச்சா மேடம்?"

"இத மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது மீனா. ஆனா கொஞ்ச எடம்தான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. பாப்பாவோட கண்ணு, காது ரெண்டையும் செக் பண்ணிடுங்க."

பண்ணினோம். கண் டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். காது டெஸ்டிலும் பாஸ். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சின்ன வயதில் பரீட்சை பாஸ் பண்ணிய ஆள் இவள்தான் – என் சாதனை காலி! அண்ணி அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். வளர வளர இன்னும் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். பார்ப்போம்.

அம்மாவிடம் மொபைலில் நஞ்சுக்கொடியின் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"மரமாட்டம் இருக்குதேடி."

"ஆமாம்மா. ஆத்தா வந்தப்ப உன் பேத்திக்கு முன்னாடி இதுதான் நின்னுச்சு."

அம்மா போட்டோவை விரலால் ஒருதரம் தடவினாள். மண்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். இப்போது அதில் தயிர் உறைகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள். நர்ஸம்மா வாசலில் நின்று அவளிடம் கேட்டார், "காய்ச்சல் ஏதாச்சும் உண்டாம்மா?"

"இல்லீங்க."

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, சோப்புக் கையோடு எழுந்து வந்தாள்.

"ஏண்டி, சித்தேரில உங்க அம்மா வூட்டுக்கு ஆத்தா வந்திருக்கான்னு சொன்னியே? போயி நாலு நாள் தங்கிட்டு வந்தியே? அதச் சொல்லு! நர்ஸம்மா, நீங்க எழுதிக்கங்க மொதல்ல!"

அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எதை எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்டது.