மிச்சம் என்று பெயர் வைத்த படம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்மேசையில் அவள் நின்றால், வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். பிரேமை மாட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "உங்க மூக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்பாள். சப்பை மூக்கு, கோணல் மூக்கு, எதுவானாலும் அதே பேச்சுத்தான். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். முதலாளி அதற்காகவே அவளை முன்னால் நிறுத்தியிருந்தார்.

நாற்பதைத் தாண்டியவள். கணவன் வேறொருத்தியோடு போன பிறகு தாயோடு இருந்தாள். கன்னங்களில் லேசாக மங்கு விழுந்திருந்தது. மாநிறத் தோலில் பழுப்புத் திட்டு. உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது. அவளே அதை மறந்திருந்தாள்.

தம்பி விசேஷ வீடுகளில் படம் எடுக்கிறவன். கலர் கலராக எடுத்துச் சலித்துப்போய், அந்த வருடம் கறுப்பு வெள்ளை மேல் பித்துப் பிடித்து அலைந்தான்.

"கலர் கண்ண ஏமாத்தும்க்கா. அத எடுத்துட்டா உண்மை மட்டும் நிக்கும்" என்றான், அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து.

எடுத்ததும் கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினான். கறுப்பு வெள்ளையில் மெத்தென்று ஒரு முகம்.

"நானாடா இது? பத்து வயசு கொறஞ்சிருக்கே! ஒண்ணு பெருசா போட்டுக் குடு, மாட்டி வைக்கலாம்."

"பெருசாவே போடறேன்" என்றான்.

திரையில் நிறம் இல்லாவிட்டாலும் கேமரா அதையெல்லாம் உள்ளே சேமித்துத்தான் வைத்திருக்கும். கணினியில் போட்டால், சிவப்பு எவ்வளவு வெளுக்க வேண்டும், மஞ்சள் எவ்வளவு கறுக்க வேண்டும் என்று நிறம் நிறமாகத் தீர்மானிக்கலாம். சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினால் தோல் பளிங்காகிவிடும். அவன் இரண்டையும் இறக்கினான். கன்னத்து மங்கு கரி அப்பியதுபோல் மேலே வந்தது. கண்ணடியில் கோடுகள் பிளந்தன. இன்னும் இறக்கினான். அக்காவின் முகம் தீயில் கிடந்து எடுத்ததுபோல ஆனபோதுதான் கையை எடுத்தான்.

அந்தப் படத்தை ஒரு புகைப்படப் போட்டிக்கு அனுப்பினான்; முதல் பரிசு கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் அவளைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனான். நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். எதிர்ச்சுவரில், கதவளவு உயரத்தில், அவள். கீழே 'மிச்சம்' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருத்தி தோழியிடம், "பாவம், என்ன வியாதியோ" என்றாள். பிறகு திரும்பி இவளைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் தம்பி.

அவள் வெளியே நடந்தாள்.

கண்காட்சி விளம்பரத்திலும் அதே படம். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். கடைக்குள் முதலில் பில் போடுகிறவன்தான் ஆரம்பித்தான்: "மிச்சம் வந்தாச்சா?" ஒரு வாரத்தில் அதுவே அவள் பெயராயிற்று. வாடிக்கையாளர்கள் பிரேமை விட்டுவிட்டு அவள் கன்னத்தைப் பார்த்தார்கள். அவளும் பவுடரைக் கூட்டிக்கொண்டே போனாள். வியர்வையில் அது திட்டுத்திட்டாக வழிந்தது.

முதலாளி கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. முன்னால புதுசா ஒரு பொண்ணு வருது. நீ பின்னால லென்ஸ் தேய்க்கிற மிஷினைப் பாத்துக்கோ."

அன்றே தம்பி வீட்டுக்குப் போனாள். "அந்தப் படத்த எடுத்துருடா."

"அது நீ இல்லக்கா. அது வெளிச்சம்."

"பேரு மட்டும் எனக்கா?"

அவன் கணினியில் கலர்ப் படத்தைத் திறந்தான். "பாரு, இதுதான் நீ. நல்லாத்தானே இருக்க?"

அவள் பார்த்தாள். மங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கலரிலும் துல்லியமாகத் தெரிந்தது. இனி எந்தக் கண்ணாடியிலும் அதுதான் தெரியும் என்று புரிந்தது.

வீட்டில் தாயிடம் சொல்லி அழுதாள். தாய் எரிந்து விழுந்தாள். "அவன் பேரு இப்பத்தான் நாலு பேருக்குத் தெரியுது. நீ ஏன்டி குறுக்க நிக்கற? உனக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கப் போறோம்?"

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் பகல் முழுக்கத் தலை குனிந்து லென்ஸ் தேய்த்தாள். முன்மேசையில் புதுப்பெண் சிரிப்பது கதவிடுக்கில் கேட்கும். கவலையில் தூக்கம் கெட்டு, மங்கு நெற்றிக்கும் ஏறியது.

மறு வருடப் போட்டி அறிவிப்பு வந்ததும் தம்பி கேமராவோடு வாசலில் வந்து நின்றான். ஜன்னல் வழியாக அவளைக் கண்டதும் அவன் முகம் பிரகாசமாயிற்று.

"அக்கா, நெத்திக்கும் வந்துருச்சா? போன தடவைய விட அருமையா வரும்க்கா. பத்து நிமிஷம் உக்காரு, போதும்."

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். குளியலறைக்குள் புகுந்து அந்தக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசல் தாழ்ப்பாளை விலக்கினாள்.

"உள்ள வாடா. எப்படியும் வெளிய வந்துதானே ஆகணும். உக்காரு, காப்பி போடறேன்."