பூவரசங் கதியாலில் கட்டிய கம்பி

என் வீட்டுக்காரர் பிடிவாதக்காரர். அவருடைய தமையனார் அதைவிடப் பிடிவாதக்காரர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலியை அடைக்கும்போது, ஊன்றுகிற கதியால் கம்பைச் சாணளவு தள்ளி நட்டதாகச் சண்டை வந்து, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்கள் போய்வர வேலியில் முன்பு ஒரு பொட்டு, சின்ன இடைவெளி, இருந்தது. அதையும் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டார்கள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவர்களுக்கு ஒன்றுமே ஆடவில்லை.

இதில் நொந்துபோனவர் மாமா, இரண்டு பேரையும் பெற்றவர். பாரிசவாதம் வந்து எங்கள் வீட்டுக் கிழக்கு அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். "பெரியவன் வந்தவனோ பிள்ளை?" என்று நாள் தவறாமல் கேட்பார். "நீங்கள் நித்திரையா இருக்கேக்கை வந்திட்டுப் போனவர் மாமா" என்று நானும் கூசாமல் பொய் சொல்வேன். வேலிக்கு அங்கால் இருக்கிற மகன் தகப்பனை எட்டிப் பார்க்காததை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் ரீவி வாங்கினார். அதில் இந்திய நிகழ்ச்சிகளை எடுக்க வேண்டுமென்றால் அன்ரெனா உயரத்தில் நிற்க வேண்டும். சுன்னாகத்தில் இரும்புக் குழாய்கள் வாங்கி, ஒன்றோடொன்று பூட்டி, மாமாவின் அறைச் சுவரோடு நட்டார். கமுகு மாதிரி நின்றது. அவ்வளவு உயரம் தானாக நிற்காது. மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு கம்பிக்கு எங்கள் வளவிலேயே குழி வெட்டி, சீமெந்து போட்டு இரும்பு முளை இறுக்கினார். மிஞ்சியது கிழக்குக் கம்பி. அது சரிந்து தூரமாகப் போனால்தான் கம்பத்தைப் பிடிக்கும். தூரமாகப் போனால் தமையனாரின் வளவு.

"போய்க் கேளுங்கோவன். ஒரு முளை இறுக்க விடமாட்டாரே?"

"அண்ணையிட்டையோ? நானோ? நீர் சும்மா இரும்."

கேட்கவில்லை. கம்பி நுனியில் கயிறு கோத்து வேலிக் கதியாலில் கட்டினார். "பூவரசு. வேர் விட்டது. யானை இழுத்தாலும் வராது" என்று என்னிடம் வேறு பெருமை. வேலியே காற்றுக்கு ஆடுகிறது, அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு கம்பம் நிற்குமாம்! கண்டறியாத ரீவி என்று திட்டினேன். திட்டிவிட்டு, பின்னேரங்களில் நானும் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன் என்பது வேறு கதை.

கார்த்திகை மழை விடாமல் பெய்து செம்மண் களியாகிப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் வாடைக்காற்று ஊளையிடத் தொடங்கியது. கரண்டும் நின்றுவிட்டது. குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் அறைப் பக்கம் ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. வெளியே ஓடிவந்து பார்த்தால், ஐயோ கடவுளே, கம்பம் கூரைக்கு மேலே வளைந்து, ஓட்டில் இடித்து இடித்து எழும்புகிறது. பூவரசங் கதியால் மண்ணை விட்டுக் கிளம்பி எங்கள் பக்கம் சாய்கிறது.

வீட்டுக்காரர் பாய்ந்துபோய்க் கதியாலில் தோளைக் கொடுத்து முண்டினார். "என்னாலை விட ஏலாது! ஐயாவை வெளியிலை எடும்!" என்று கத்தினார்.

எடுக்கிறதாம்! மாமா ஆறடி மனிதர். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அசையவில்லை. கட்டிலோடு இழுத்தேன், கதவு நிலையில் முட்டிக்கொண்டது. ஓடு ஒன்று அவருடைய காலடியில் விழுந்து உடைந்தது.

"என்னை விட்டிட்டு நீ வெளியிலை போ பிள்ளை" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. குசினிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன். "அத்தான்! அத்தான்! ஓடி வாங்கோ! மாமாவுக்கு மேலை விழப்போகுது!" தமையனாரைக் கூப்பிடுகிற அந்தச் சொல் இரண்டு வருஷமாக என் வாயில் வராத சொல். பொட்டை அடைத்திருந்த கயிற்றை அறுத்து, கிடுகைப் பிய்த்து எறிந்தேன்.

மனுஷன் அங்கேயே நிற்கிறார்! வேலிக்கு மற்றப் பக்கம், அதே கதியாலைக் கட்டிப்பிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மழையில் தோய்ந்து போய் நிற்கிறார். இந்தப் பக்கம் தம்பி முண்டுகிறார், அந்தப் பக்கம் அண்ணன் இழுக்கிறார். நடுவில் கிடுகு. இரண்டு பேருக்கும் வாயில்லை.

"உங்களுக்கென்ன, வாய்க்குள்ளை கொழுக்கட்டையே?" என்று கத்தினேன். மரியாதை பார்க்கிற நேரமா அது?

அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தது. "சின்னவன், விட்டிடாதை! கயிறு எடுத்தாறன்!" தன் வளவுக் கிணற்றடிக்கு ஓடி, தண்ணீர் அள்ளுகிற கயிற்றோடு வந்தார். கதியாலுக்கு மேலே கம்பியில் கயிற்றை முடிந்து, மற்ற நுனியைக் கிணற்றடிச் சீமெந்துத் தூணில் சுற்றினார்.

"கதியாலிலை கட்டின கயித்தை அறு. நான் சொல்லேக்கை விடு!"

"அண்ணை, கவனம்! கயிறு வழுக்கும்!"

"தெரியுமடா! இப்ப விடு!"

என் கத்தியை வாங்கி, கதியாலில் கட்டியிருந்த கயிற்றை வீட்டுக்காரர் அறுத்தார். கம்பம் ஒருமுறை கூரைப்பக்கம் ஓங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு தூணில் நெரிகிற சத்தம். கண்ணைத் திறந்தபோது கம்பம் நிமிர்ந்து நின்றது.

உடனே சண்டை தொடங்கியது. "கதியாலிலை கட்டினியே, உனக்கென்ன விசரே?" "பொட்டை அடைச்சது ஆர்? நானே?" நான் அவர்களை விட்டுவிட்டு மாமாவிடம் ஓடினேன். கூரை ஒழுகி, போர்வையெல்லாம் ஈரம். அவர் தலையை யன்னல் பக்கம் திருப்பிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"பெரியவரும் சின்னவரும்தான் மாமா. கம்பத்தைக் கட்டிப்போட்டினம். இனிப் பயமில்லை, காத்தும் குறையுது."

அவர் யன்னல் பக்கமிருந்து காதை எடுக்கவில்லை; வெளியே அண்ணனும் தம்பியும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"குறைய வேண்டாம்" என்றார். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."