நாலாவது அயர்ன் பாக்ஸ்

"…மூணு அயர்ன் பாக்ஸ் ஓடற லைன்ல நாலாவது ஓடாதுங்களாக்கா? சாயந்திரம் கண்டெய்னர் போகோணுமுங்க," என்று வயரிங் பார்க்க வந்த என்னிடம் கேட்டார் பனியன் கம்பெனி மேனேஜர். நாலாவதைப் போட்டதும் ஃபியூஸ் போயிருந்தது. சுவரிலிருந்து மீன் வறுக்கும் வாடை வந்தது.

பிளக் சூடேறிக் கருகினால் அந்த வாடைதான் வரும். எட்டு வயதில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில், அம்மா துணி தேய்த்த பனியன் கம்பெனியில் முதன்முதலாக அதை முகர்ந்தேன். அங்கே வயரிங் செய்த அப்பா, அட்டைப்பெட்டி மூடியில் முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இருநூத்தி முப்பது வோல்ட்டுங்க. ஒரு பொட்டி அஞ்சு ஆம்பியர் இழுக்குது. வகுத்தா நாப்பத்தாறு ஓம், பெருக்குனா ஆயிரத்து நூத்தம்பது வாட்டுங்க. இந்த ஒயரு பதினஞ்சு ஆம்பியர்தானுங்க தாங்கும், மூணு பொட்டிக்கே சரியாப் போச்சுங்க. வாய்க்கால் அகலத்துக்குத்தானுங்க தண்ணி விடோணும்."

"நீ வாத்தியாராப் போயிருக்கோணுமப்பா," என்று சிரித்த முதலாளி, ஃபியூஸ் இனி உருகிப் போகாதபடி அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டு நாலாவதையும் ஓட்டினார்.

"எவ ஊட்டுல மீன் வறுக்கறா? நமக்கு ரெண்டு துண்டு வருமா?" என்று அம்மா கேட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன் சுவரோரப் பனியன் கட்டுகள் பற்றிக்கொண்டன. அம்மா வெளியே வரவேயில்லை. அதற்குப் பிறகு அப்பா வீட்டில் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை.

இத்தனையும் மேனேஜரிடம் சொன்னேன், அந்தக் கணக்கோடு. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிங்கக்கா," என்றார், அத்தனை மரியாதையாக.

பிறகு ஃபியூஸைப் பிடுங்கி, இரண்டு இழை செம்புக் கம்பியைக் கூடுதலாகச் சுற்றிச் செருகிவிட்டு, நாலாவது சுவிட்சையும் போட்டார்.