சுடுதண்ணி ராசா

அரியநாயகம் முதலில் பாடுவார். பிறகுதான் குழாயைத் திறப்பார். உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில், மேலேயிருந்து எச்சில் கோப்பைகள் இறங்கும் சின்ன லிப்டின் அருகே நின்று, முழங்கை வரை ரப்பர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமுவார். சட்டியின் அடியில் கரண்டியால் இரண்டு தட்டு. பாட்டு புறப்பட்டுவிடும்.

அவரே கட்டிய பாட்டு. முடிவில்லாதது. பாரிசின் லா சப்பலில் வேலை செய்து களைத்த எவரும் அதற்குள் நுழையலாம். மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கும் கலைமாறனுக்கு அதில் இடமுண்டு. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கும் சுஜாந்தியை மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலில் மறித்து, அவளுடைய அடிகளைப் பாடிக் காட்டினார்:

"கட்டில் நூறு விரிப்பாள் ராணி,
கால்நீட்ட நேரமில்லா ராணி."

சுஜாந்தி சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"பெரிய ஆக்களைப் பாடக் கனபேர் இருக்கினம், பிள்ளை," என்றார் அவர். "எங்களை நாங்கள்தான் பாடவேணும்."

தன்னை மட்டும் அவர் நெடுநாள் பாடவில்லை. போன மாரியில் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்து, மேலே எல்லோரும் மேசைமேல் கதிரைகளைக் கவிழ்த்துவிட்டுப் போன நேரம், ஆசை வந்து தொடங்கினார். "சுடுதண்ணியில் கை ஊறும் ராசா..." அடுத்த அடி வரவில்லை. நாக்கில் தேடிக்கொண்டு நின்றார்.

அது லிப்டுக்குள்ளிருந்து வந்தது.

"சொந்தப் பேர் சொல்லாத ராசா."

ஆண்குரல். மெட்டுப் பிசகவில்லை. கதவைத் திறந்தார். உள்ளே வெறும் தகரத் தட்டு. அதில் ஆவி படிந்திருந்தது. மேலே ஏறிப் பார்த்தார். எவருமில்லை. அந்த உணவகத்தில் தமிழர் அவர் ஒருவர்தான்.

சமையற்காரர் ழாக் அங்கேயே தலை நரைத்தவர். நடந்ததைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உனக்கு முன்னால் உங்கள் ஆள் ஒருவன் இந்தத் தொட்டியடியில் நின்றான்," என்றார் பிரெஞ்சில். "அவனும் பாடுவான். ஒருநாள் அந்த லிப்டின் முன்னாலேயே விழுந்தான். மாரடைப்பு."

"என்ன பேர்?"

"வேறொருவனுடைய விசா அட்டையில் வேலை செய்தவன். அந்தப் பெயரில்தான் கூப்பிட்டோம். அதிலேயே புதைத்தும் விட்டார்கள்."

அன்றிரவு அரியநாயகம் வீட்டில் இதைச் சொன்னார். மனைவி கமலராணி வேலையை விடச் சொன்னாள். "பேய் இருக்கிற இடத்திலை என்ன வேலை உங்களுக்கு?"

"பேயெண்டு சொல்லாதையும்," என்றார். "வேலைக்காரன்."

மறுநாள், அடுப்புகள் ஓய்ந்தபின், லிப்டின் கதவைத் திறந்து அந்த இருட்டுக்குள் பாடினார்.

"சுடுதண்ணியில் கை ஊறும் ராசா,
சொந்தப் பேரைச் சொல்லு ராசா."

லிப்டின் கம்பிவடம் மெல்ல அதிர்ந்தது. கன்னத்தில் ஆவி படுவதுபோல் மிக அருகில், ஊரோடும் தகப்பன் பேரோடும், ஒரு பெயர் வந்தது.

அதை அவர் கமலராணியிடமும் சொல்லவில்லை. தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பாரிசின் புறநகரான திரான்சியில், தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளையின் கொண்டாட்டத்துக்குப் போனபோது, வழக்கம்போல் பாடக் கேட்டார்கள். மன்னார்ச் சனம் நிறைந்த மண்டபம். கலைமாறன், சுஜாந்தி எல்லோரையும் பாடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார்:

"சுடுதண்ணியில் கை ஊறிய ராசா,
பேசாலைச் சூசை மகன் அம்புறோஸ் ராசா."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த பியட்றிஸ் என்ற பெண் அகப்பையை வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். பாரிசுக்கு வந்துவிட்டேன் என்று ஒரேயொரு முறை போன் எடுத்து, பிறகு எந்தச் சேதியும் இல்லாமல் போன தமையன் ஒருவன் அவளுக்கு இருந்தான்.

"அண்ணை, அது என்ரை தமையன்ரை பேர்," என்றாள். "அவரை எங்கை கண்டனீங்கள்?"

அரியநாயகம் கண்ணைத் திறந்தார். தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் ஓய்ந்தன. ஊறி வெளிறிய வலக்கையை மெல்ல நீட்டி, ஒரு விரலால் தரையைக் காட்டினார்.