அளக்காமல் போன விஷம்

ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது கதவோரத்து இரும்புக் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போவேன். இங்கே ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் ஆங்கே என்ற பெண் இதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, "உங்கள் சாமியா?" என்று மரியாதையாகக் கேட்டாள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைவார்கள். கல்லூரி லீவில் அங்கே வேலை பார்த்த பழக்கம் என்று விளக்கினேன். தலையாட்டினாள். மறுநாளிலிருந்து அவளும் குழாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நுழைகிறாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வேலை தீப்புண்ணில் குடியேறும் கிருமிகளைப் பற்றியது. கிருமி இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அது விஷம் தயாரிக்கிறதா, எவ்வளவு மும்முரமாகத் தயாரிக்கிறது என்பதுதான். விஷத்துக்கான மரபணு கிருமிக்குள் சும்மாவும் கிடக்கும். வேலை தொடங்கினால் ஆர்.என்.ஏ. என்ற நகல்களை எடுத்துவிடும், கம்பெனியில் ஆர்டர் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவதைப் போல. அந்தச் சீட்டுகளைத்தான் எண்ணுகிறோம். அவை சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதால் கிருமியைச் சட்டென்று உறையவைக்க வேண்டும். சில மருந்துகள் கிருமியைக் கொல்லப் போய் விஷத்தைக் கூட்டிவிடுகின்றன. சில, கொல்லாமலே அதன் கொட்டத்தை அடக்கிவிடுகின்றன. எது எதற்கு என்று தெரிந்தால் ஒரு கையைக் காப்பாற்றலாம்.

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் இருக்கிற என் அக்கா செல்விக்கு, போன சீசனில் கம்பெனியில் பட்டாசுத் திரி வெட்டும்போது தீப்பிடித்து வலது கை வெந்துபோனது. ஆறி வருகிறது என்றார்கள். பிறகு புண் சீழ்பிடித்து, காய்ச்சல் ஏறி, விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஏலே, நீ அங்கன இந்தக் கிருமியத்தான பாக்குற? என்ன மருந்து போடணும்னு டாக்டர்ட்ட நீயே சொல்லேன்."

"அது உள்ள என்ன வேலை செய்யுதுன்னு அளந்தாத்தான்க்கா தெரியும். இங்கன இருந்துக்கிட்டு எப்படிச் சொல்ல?"

"அம்புட்டுப் படிச்சும் சொல்ல முடியாதாக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "சரி விடு. சாப்பிட்டியா?"

டாக்டரிடமும் பேசினேன். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்தாயிற்று என்றார். விஷத்தை அளப்பதெல்லாம் இங்கே வழக்கமில்லை சார், உங்கள் ஊரில் நோயாளிக்கு உடனே அளந்து சொல்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இது இன்னும் ஆராய்ச்சிதான். அந்தப் புண்ணிலிருந்து ஒரு சொட்டை வரவழைக்கவும் வழியில்லை. நான் இந்த நாட்டுக்குள் வருவதற்குப் பட்ட பாட்டைவிட ஒரு கிருமி வருவதற்குக் கெடுபிடி அதிகம். கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள். அதை வைத்துத் தன்னையே கேலியும் செய்துகொள்கிறாள். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமலே திரும்பிவிடுகிறாளாம்.

நேற்று இங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரியை அளந்தோம். பெயர் தர மாட்டார்கள். ஒரு பெண், சமையலறைத் தீ, வலது கை, அவ்வளவுதான். மருந்தைச் சேர்த்ததும் விஷ மரபணு அடங்கிப்போனது திரையில் தெளிவாகத் தெரிந்தது. ஆங்கே கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். முகம்கூடத் தெரியாத இந்த ஊர்ப் பெண்ணின் புண்ணில் இருந்த கிருமி என்ன செய்யும், எதற்கு அடங்கும் என்று எனக்கு அத்துப்படி. என் அக்காவின் கையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.